வேப்பிலை கட்டிய வாசல்

எஹலியகொட பஸாரில் நான் வேலை பார்த்த புடவைக்கடையில் ஒரு மாதம் முழுக்க ஒரே புத்தகம் கை மாறிக்கொண்டிருந்தது. சிங்களப் புத்தகம். கணவன் அடித்தே கொன்ற ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரர் எழுதியது. கதை இல்லை, நடந்தது. அந்த வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தாரிடம் பேசி, கோர்ட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தார். என்னோடு துணி மடிக்கும் சிங்கள அக்காதான் அதை முதலில் வாங்கி வந்தார். அவர் படித்து அழுதுவிட்டு இன்னொருத்திக்குக் கொடுத்தார். அவள் அழுதுவிட்டு எனக்குக் கொடுத்தாள்.

படித்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. “அய் ஏகி கியே நெத்தே?” ஏன் அவள் விட்டுவிட்டுப் போகவில்லை? மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டார்கள். சில்லறை மாற்ற வந்த பக்கத்துக் கடைக்காரரும் கேட்டார். எனக்கோ பொசுக்கென்று கோபம் வரும். “போனாளே! புத்தகத்துலயே இருக்கே, சரியாப் படிக்காம என்ன அழுகை?” என்று சிங்களத்தில் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சிங்கள அக்காவின் முகம் சுருங்கிப்போனது. பிறகு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணினேன்.

நிஜமாகவே அவள் போயிருந்தாள். அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனாள். ஒவ்வொரு தடவையும் வீட்டார்தான் புத்திமதி சொல்லிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். கடைசித் தடவை போனவள் திரும்பி வரவில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு பெண் அப்படித் திரும்பி வந்தாள். அவள் என் அக்கா. அவளை அம்மா திருப்பி அனுப்பவில்லை. அனுப்பாமல் இருப்பதற்காக அம்மா ஒரு காரியம் செய்தாள், அது பாவம் என்று நம்பினாள். நான் அந்தப் புத்தகத்தைப் படித்த வருடம் வரைக்கும், பத்துப் பன்னிரண்டு வருடமாக, அம்மா எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை.

எங்களுடையது றப்பர் தோட்டம். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா மரத்தில் பால் வெட்டித்தான் எங்கள் இருவரையும் வளர்த்தாள். அக்காவை யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை நல்ல சிவப்பு, பேச்சில் தேன் ஒழுகும். பெண் பார்க்க வந்த அன்று என்னிடம், “மச்சினிக்கு என்ன படிப்பு?” என்று கேட்டபோது நானே சொக்கிப் போனேன். அடிக்கிற கை என்று முகத்தில் எழுதியா இருக்கும்?

தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதற்காக முதுகுத் துணியை இறக்கினாள். நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவின் கை அப்படியே அக்காவின் முதுகில் நின்றுகொண்டிருந்தது. பழைய தழும்பும் இருந்தது, புதிய தழும்பும் இருந்தது. அம்மா எண்ணெயை மெதுவாக, மிக மெதுவாகத் தடவினாள். எனக்கு அழுகை வந்தது. கத்த வேண்டும்போலவும் இருந்தது. “தண்ணி ஆறிப்போவுது, ஊத்து புள்ள” என்றாள் அம்மா.

பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் கழிந்ததும் மச்சான் கூப்பிட வந்தார். அம்மா அவருக்குக் கோழி அடித்துச் சோறு போட்டாள். பிறகு, “ஆடி பொறக்குது தம்பி, ஆடியில எப்படி அனுப்புறது?” என்றாள். ஆவணியில் வந்தார். அக்காவின் நட்சத்திரத்துக்கு அந்த வாரமே சரியில்லை. புரட்டாசியில் பெண்ணை அனுப்பும் வழக்கம் எங்கள் குடும்பத்திலேயே இல்லையாம்! எனக்கே அது அன்றுதான் தெரியும். ஐப்பசியில், தீபாவளி முடியட்டும் என்றாள். கார்த்திகையில் அவர் செவ்வாய்க்கிழமை பார்த்து வந்து மாட்டிக்கொண்டார். யட்டியாந்தோட்டை எங்களுக்கு வடக்கே. செவ்வாய், புதன் வடக்கே சூலம். பச்சைக் குழந்தையைச் சூலத்துக்கு எதிரே கொண்டுபோக முடியுமா? மார்கழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. நாட்காட்டித் தாளை என்னிடம் நீட்டி, “இதுல கெட்டது என்னென்ன இருக்கு, வாசி” என்பாள். ஊரெல்லாம் நல்ல நேரம் தேடும். எங்கள் வீட்டில் மட்டும் கெட்ட நேரம் தேடினோம்.

ஆனால் தை வரத்தானே செய்யும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். அந்த வருடம் அம்மா தையை நினைத்தே இளைத்துப் போனாள். தோட்டத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பது தொழிற்சங்கத்துத் தலைவர்தான். அவர் பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் காம்பரா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

“இந்தா பாரும்மா. பொங்கல் முடிஞ்ச கையோட புள்ளய அனுப்பிடணும். கட்டிக் குடுத்தவள எத்தன மாசம் வச்சிருப்ப? தோட்டத்துக்கே கெட்ட பேரு.”

“அவன் அடிக்கிறான் தலைவரே” என்றாள் அம்மா. அவள் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

“யாருதான் அடிக்கல? நான் அவன்கிட்ட சொல்லி வைக்கிறேன். ரெண்டு மூணு புள்ளயானா சரியாப்போகும்.”

அம்மா அடுப்பை மூட்டினாள். தலைவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டியிருக்கும் காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் எட்டாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் “நூறு வயசு” என்பார்கள். ஆகவே தலைவர் சொன்னதும் அம்மா சொன்னதும் எங்கள் லயம் முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் யாரும் மூச்சு விடவில்லை.

பொங்கலுக்கு மறுவாரம் மச்சான் வேன் பிடித்துக்கொண்டு வந்தார். தலைவரும் மேட்டுப் பாதையில் வந்துகொண்டிருந்தார். அக்காவின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் வெளியே போன அம்மா, முந்தானை நிறைய எதையோ மூடிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தாள். உதறினாள். வேப்பிலை.

எங்கள் மழைக்கு வேம்பு சரியாக வளராது. தோட்டம் முழுக்கத் தேடினாலும் மாரியம்மன் கோயில் முன்னால் நோஞ்சானாக நிற்கும் ஒரே ஒரு மரம்தான். அதை அம்மனுக்குத் தவிர வேறு எதற்கும் ஒடிக்க மாட்டார்கள். அம்மா அந்தக் கொத்துகளை நிலைப்படியில் சொருகினாள். அக்காவைப் பாயில் படுக்க வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பழைய வேட்டியால் போர்த்தினாள். வாசலில் போய் நின்றாள்.

“உள்ள வராதீங்க தம்பி. அம்மா வந்திருக்கா.”

அம்மை போட்டிருக்கிறது என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆத்தா இறங்கியிருக்கும் வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாது. அங்கே இருப்பவரை வெளியே கூட்டிக்கொண்டு போகவும் கூடாது. மச்சான் செருப்பைக் கழற்றியவர் திரும்பப் போட்டுக்கொண்டார். தலைவர் துண்டை இடுப்பில் கட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேன்காரர் சிங்களவர். அவர்களுக்கும் இது தெய்வத்தின் நோய்தான், அவர்களும் வேப்பிலைதான் கட்டுவார்கள். “தெய்யங்கே லெடே நே!” என்று தொப்பியைக் கழற்றிவிட்டு, யாரையும் கேட்காமல் வேனைத் திருப்ப ஆரம்பித்தார். மச்சான் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா செய்ததுதான் பெரிய கூத்து. இல்லாத அம்மைக்கு எல்லாப் பத்தியமும் பிடித்தாள். தாளிக்கக்கூடாது, கருவாடு கூடாது, தலை சீவக்கூடாது. எனக்கு நாக்குச் செத்துவிட்டது. “அதான் வேன் போயிருச்சே, ஒரு நெத்தலி பொரிச்சாத்தான் என்ன?” என்று கேட்டேன். அம்மா என்னை முறைத்த முறையில் வாயை மூடிக்கொண்டேன். “ஆத்தாவக் கூப்புட்டு வாசல்ல நிக்க வச்சிருக்கேன். வந்தவளுக்கு மரியாத வேணாமா?” என்றாள்.

லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அம்மை போட்டவள் மடியில் பச்சைப்பிள்ளை அப்படியா கொழுகொழுவென்று சிரிக்கும்? கோயில் மரத்தில் கொப்பு குறைந்ததும் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டம்மா ஒரு இளநீரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் வேறொருத்தி மோர் வைத்தாள். தாளிக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டில் அடுப்பைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள், எங்கள் வீட்டுக்கு வாசம் வரக்கூடாதாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் லயத்து வாய் அந்த மாதம் தானாகவே மூடிக்கொண்டது. அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு இளகுகிறது.

மாசி கடைசியில் மச்சான் மறுபடி வந்தார். குடித்திருந்தார். சமாதானம் பேசத் தலைவரும் கூட வந்தார். அவர்கள் வருவதை மேட்டிலிருந்து பார்த்த யாரோ ஒரு பிள்ளை ஓடிவந்து சொல்லிவிட்டது. ஆகவே வேப்பிலை முன்பே வாசலில் ஏறிவிட்டது. இந்தத் தடவை குழந்தைக்கு என்றாள் அம்மா.

“எத்தன தடவதான் ஆத்தா வருவா ஒங்க வீட்டுக்கு, அத்தை? வேற வீடே தெரியாதா அவளுக்கு?” என்றார் மச்சான். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டதோடு நிற்கவில்லை. கையை ஓங்கி வேப்பிலையைப் பிய்த்து எறிந்தார், செருப்புக் காலால் மிதித்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே குழந்தை அழுதது.

தலைவருக்கு முகமெல்லாம் வெளிறிவிட்டது. குனிந்து அந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் வைத்தார். பிறகு மச்சானைப் பார்த்து, “நீ போய்ட்டு வாப்பா. இந்த வீட்டு விசயமா இனிமே எங்கிட்ட வராத” என்றார். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லயத்து ஆண்கள் ரெண்டு பேர் அவரைப் பஸ் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டு வந்தார்கள். அதன் பிறகு அவர் வரவில்லை. வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று கேள்வி.

அக்கா முதுகைக் காட்டியிருந்தால் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள். தலைவரே “யாருதான் அடிக்கல” என்றவர்தானே. வேப்பிலையை மிதித்ததும் தோட்டமே திரண்டு வந்துவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம்தான். அக்காவுக்கு ஆத்திரம் இல்லை. “எதுக்கு நின்னாங்களோ, நின்னாங்கல்ல” என்பாள். அவள் அப்படித்தான். அம்மாவுடனேயே பால் வெட்டப் போனாள், மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள், முகத்தில் சதை போட்டு அழகாகிவிட்டாள்.

அம்மாதான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். திருவிழாவுக்கு அரிசி கொடுப்பாள், மாவிளக்கு இடித்துக் கொடுப்பாள். என்னையும் அக்காவையும் உள்ளே அனுப்பிவிட்டு, அந்த நோஞ்சான் வேப்பமரத்தடியில் அம்மனுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். “அவ பேரச் சொல்லிப் பொய் சொன்னவ நான். எப்படி மூஞ்சியக் காட்டுவேன்?” என்பாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம், ஒரு பொய்க்கு இவ்வளவு அழிச்சாட்டியமா என்று கேலி செய்து பார்த்தேன். சிரிக்கவில்லை. அக்கா மகளுக்கு ஏழெட்டு வயதில் நிஜமாகவே அம்மை போட்டபோது, ஆத்தா கணக்குத் தீர்க்க வந்துவிட்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை தேறித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

அதனால்தான் அந்தப் புத்தகத்தை வீட்டில் காட்டக்கூடாது என்று பைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். யுத்தம் முடியாத காலம். பஸ்ஸை நிறுத்தி எல்லாருடைய பையையும் கிண்டுவார்கள். அன்றைக்கு ஆமிக்காரர் எடுத்துப் போட்டதைத் திரும்ப அள்ளி அடைத்த அவசரத்தில், புத்தகம் பைக்கு மேலேயே பிதுங்கிக்கொண்டு வீடு வந்துவிட்டது. அக்கா அட்டைப்படத்தைப் பார்த்தாள்.

“என்ன புத்தகம் இது?”

சொன்னேன். கொஞ்ச நேரம் அதைப் புரட்டினாள். சிங்களம் சரளமாகப் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. “எனக்கு வாசிச்சுச் சொல்லு” என்றாள். “வேணாங்கா” என்றேன். “ஏன், நான் செத்தா போயிருவேன்? வாசி.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை. வீட்டு முன் ஸ்தோப்புத் திண்ணையில் பாய் போட்டு உட்கார்ந்து, சிங்களத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். ஒரு சில இடங்களில், “ஆமா, அப்படித்தான்” என்றாள், யாரோ வழி சொல்லும்போது தலையாட்டுவதுபோல. அம்மா தள்ளி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

நான் மூடி வைத்த இடம் வந்தது. தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அக்கா, “என்ன, அப்பறம்?” என்றாள். வாசித்தேன். அந்தப் பெண்ணின் தாய் பத்திரிகைக்காரரிடம் சொன்னது அது. அன்றைக்கு நேரம் மிக நன்றாக இருந்ததாம். பாற்சோறு சமைத்தார்களாம். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். தாய்தான் அவள் விரல்களைப் பிரித்து, தலையைத் தடவி, வேனில் ஏற்றிவிட்டாளாம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தேன் என்று அந்தத் தாய் சொல்லியிருந்தாள்.

சுளகுச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா அரிசியைப் பார்த்தபடியே கேட்டாள். “அந்தம்மாவுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியலியா?”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தனக்காக அழவில்லை, அக்காவுக்காகவும் அழவில்லை. “கதவப் புடிச்சிருந்த கைய எப்படிப் பிரிச்சிருப்பா, பாவி… பெத்தவ கை அது, இப்ப எப்படித் தூங்கும்?” என்று அந்தத் தாய்க்காகவே அழுதாள். கோபத்தில் கத்துவாள் என்று நினைத்திருந்தேன். எனக்கு அந்தத் தாய்மேல் கோபம்தான் இருந்தது. அம்மாவுக்கு இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உசுரோட இருக்காளா?” என்று கேட்டாள்.

“இருக்காங்கம்மா. புத்தகம் எழுதுறப்போ இருந்திருக்காங்க.”

“அந்தம்மா பேர் போட்டிருக்கா?”

போட்டிருந்தது. சொன்னேன். அம்மா அந்தப் பெயரை ரெண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான் கடையிலிருந்து வந்தபோது அம்மா தலை முழுகி, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். அக்கா கையில் தேங்காய்த் தட்டு. ஒன்றும் கேட்காமல் கூடப் போனேன். வேப்பமரத்தடி வந்ததும் அம்மா நின்றாள். வழக்கம்போல எங்களை அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். அக்கா அவள் கையைப் பிடித்தாள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு எங்களுக்கு முன்னால் உள்ளே போனாள்.

எங்கள் பூசாரியும் பால் வெட்டுகிறவர்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் பூசாரி. அம்மாவைக் கண்டதும் கையிலிருந்த மணியைக் கீழே வைத்துவிட்டார். தட்டை வாங்கிக்கொண்டு, “யாரு பேருக்கு அர்ச்சனை?” என்றார். அம்மா அந்தச் சிங்களப் பெயரைச் சொன்னாள். பூசாரி என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பற்றியும் செத்துப்போன பெண்ணைப் பற்றியும் சொன்னேன்.

“செத்தவங்க பேருக்கு அர்ச்சனை பண்றதில்லியே தாயி.”

“செத்தவளுக்கு இல்ல அண்ணே. அவளப் பெத்தவளுக்கு. அவ மனசு ஆறணும்.”

“சரி. நட்சத்திரம்?”

அது எந்தப் புத்தகத்தில் இருக்கும்? அம்மா முதன்முறையாக நிமிர்ந்து அம்மனின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“என் நட்சத்திரத்தையே வச்சுக்குங்க” என்றாள்.